நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

சிறு வயதில் எங்கள் வீட்டில் வெல்லம் காணாமற் போனால் விசாரணை நடத்துவது பாட்டிதான். பேரப்பிள்ளைகள் ஐந்து பேரையும் ராசிபுரத்து வீட்டு முற்றத்தில் வரிசையாக நிறுத்துவாள். ஒருவரும் வாயைத் திறக்காவிட்டால், "கிட்டி போட்டாத் தன்னால சொல்லிடுவீங்க" என்பாள். எனக்குத் தெரிந்த கிட்டி, தெருப் புழுதியில் ஆடுகிற கிட்டிப்புள் ஒன்றுதான். அந்த விளையாட்டுக்கும் வெல்லத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்துக்கொண்டு நிற்பேன். பெரியவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து யாராவது ஒருவன் ஒப்புக்கொண்டுவிடுவான். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும்.

கிட்டி என்றால் என்னவென்று நான் தெரிந்துகொண்டது கல்லூரிப் படிப்பெல்லாம் முடிந்த பிறகு. இரண்டு குச்சிகள், ஒரு முனை சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். நடுவில் மனிதனுடைய விரல்களைக் கொடுத்து, மறு முனையை எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி இறுக்குவார்கள். கிஸ்தி கட்டாத குடியானவனுக்கும் திருட்டை ஒப்புக்கொள்ளாதவனுக்கும் கும்பினியார் காலத்தில் நம் பக்கத்துக் கச்சேரிகளில் நடந்த உபசாரம் அது. பாட்டி அதைக் கண்டவள் அல்ல. அவளுடைய மாமனார் வாயிலாக வந்த சொல். மாமனாரும் சிறு பிள்ளையில் கேள்விப்பட்டது. அவருடைய தகப்பனாருக்குத்தான் அது நேரில் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் எங்களுடையது கணக்குப்பிள்ளைக் குடும்பம்.

அந்தப் பெரியவருடைய கணக்குப் பெட்டி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பலா மரம், மூலைகளில் பித்தளைப் பூண். கர்ணம், மணியம் என்ற பழைய உத்தியோகங்களைத் தமிழ்நாடு அரசு 1980-இல் ஒழித்துவிட்டது. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே எங்கள் வீட்டை விட்டு அந்த உத்தியோகம் போய்விட்டது. பெட்டி மட்டும் தங்கிவிட்டது. சரஸ்வதி பூஜையன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைப்போம். ஒரு தடவை பாட்டியிடம் கேட்டேன்: "அந்தத் தாத்தா கிட்டி போட்டிருப்பாரா பாட்டி?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் ஒருத்தர் மேலயும் கை வச்சதில்லடா. கணக்கு மட்டுந்தான் எழுதினார்" என்றாள்.

அந்தப் பதிலோடு நான் ஐம்பது வருஷத்துக்கு மேல் நிம்மதியாக இருந்துவிட்டேன். அதைக் கலைத்தது ஜப்பான் தேசத்து மலையூர் ஒன்றில் இருக்கிற கச்சேரி.

என் அக்காள் மகன் நகோயாவில் வேலை பார்க்கிறான். "வாங்க மாமா, நாலு இடம் பாத்துட்டுப் போகலாம்" என்று டிக்கெட்டும் அனுப்பி அழைத்தான். நகோயாவிலிருந்து ஹிடா நதியோரமாகவே ரயில் மலைமேல் ஏறுகிறது. இரண்டரை மணி நேரத்துக்குள் தகயாமா என்ற ஊர். ராசிபுரத்தில் பிறந்தவனுக்கு மலை என்றால் கொல்லிமலையும் போதமலையுந்தான். இங்கே நாலு பக்கமும் மலை, மலை முழுவதும் மரம். ஊருக்கு நடுவில் கறுத்த மரச் சுவரும் அகன்ற வாசலுமாக ஒரு கட்டடம். ஜின்யா என்று அதற்குப் பெயர். அக்காள் மகன் என்னென்னவோ விளக்கம் சொல்லிப் பார்த்தான். கடைசியில் நானே, "கச்சேரி என்று சொல்லடா, புரிகிறது" என்றேன். அவனுக்குத்தான் புரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கச்சேரி என்றால் சங்கீதம். எங்கள் ஜில்லாவில் பழைய மனிதர்கள் தாசில்தார் ஆபீஸையும் போலீஸ் ஸ்டேஷனையும் கச்சேரி என்றுதான் சொல்வார்கள். இரண்டு கச்சேரியிலும் வாயைத் திறந்தாக வேண்டும் என்பதுதான் ஒற்றுமை.

ஹிடா நாடு மரத்துக்குப் பெயர் போனது. 1692-இல் ஜப்பானை ஆண்ட ஷோகன் அந்த நாட்டை அங்கிருந்த சிற்றரசரிடமிருந்து எடுத்துத் தன் நேர் ஆட்சியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு 1868 வரையில் தலைநகரான எடோவிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இருபத்தைந்து அதிகாரிகள் வந்து இந்த ஊரில் உட்கார்ந்து ஆண்டார்கள். வரி வாங்குவது, வழக்குத் தீர்ப்பது, திருடனைப் பிடிப்பது, காட்டைக் காப்பது எல்லாம் ஒரே ஆள், ஒரே கூரை. அந்தக் காலத்தில் நாடு முழுவதும் இப்படி அறுபதுக்கு மேற்பட்ட கச்சேரிகள் இருந்தனவாம். பிரதான கட்டடத்தோடு மிஞ்சியிருப்பது இது ஒன்றே. ஷோகன் ஆட்சி போன பிறகும் 1969 வரையில் இதில் சர்க்கார் ஆபீஸ்கள் நடந்திருக்கின்றன. பிறகு ஆபீஸை வேறிடத்துக்கு மாற்றி, பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு, இடிந்ததையும் மாற்றியதையும் பழையபடி கட்டி முடிக்க 1996 வரையில் ஆயிற்று. நம்மூரில் பழைய கச்சேரி ஒன்று ஓடு சரிந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது. கோயிலில் செருப்பை வெளியே விட்டுவிட்டு, மனத்தை அதன் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போகிற நமக்கு இது நல்ல யோசனை. வழவழவென்று தேய்ந்த மரத் தரை. அறை அறையாகப் பாய் விரித்திருக்கிறார்கள். உட்காருகிறவர் அந்தஸ்துக்குத் தக்கபடி பாயின் ஓரத்துணியே மாறுகிறது. தூண்களில் ஆணித் தலையை மறைக்கச் சின்னஞ்சிறு உலோக முயல்கள், நேராக நம்மைப் பார்த்தபடி. அதிகாரியின் அறைக்கு எதிரே தோட்டம். வரி நெல்லை வைக்கும் களஞ்சியம் ஒன்று பின்புறம் இருக்கிறது. 1695-இல் கோட்டையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததாம். உள்ளே வைக்கோல் மூட்டைகள். எங்கள் ஊர்ச் சவ்வரிசி மில் கிடங்கின் குளுமையும் மணமும் நினைவுக்கு வந்தன.

விசாரணைக் கூடத்துக்குக் கடைசியில்தான் வந்தோம். 'ஒஷிராசு' என்பது அதன் பெயர். வெண்மணல் என்று அர்த்தம் சொன்னான் அக்காள் மகன். கூரைக்குக் கீழேயே தரையில் கூழாங்கல் பரப்பியிருக்கிறது. குற்றவாளி அங்கே மண்டியிட வேண்டும். அதற்கு மேலே பாய் விரித்த உயர்ந்த தளம் உத்தியோகஸ்தர்களுக்கு. கூழாங்கல் பக்கத்தில் ஒரு பலகை. அதில் முக்கோண வரிகளாகக் கட்டைகள், கூர்ப்பக்கம் மேலே. அந்த வரிகளின்மேல் வெறுங்காலோடு மண்டியிடச் செய்து மடியில் கல் பாளங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். கல் ஒன்று ஏறக்குறைய ஐம்பது கிலோ. பக்கத்திலேயே ஆளை அடைத்துத் தூக்கிப் போகிற கூண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பலகையைப் பார்த்து ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நாங்கள் முற்றத்தில் நின்று சிரித்த அதே சிரிப்பு.

எல்லோரும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு என் கண் மேல் தளத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. நடுவில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருப்பார். ஓரத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமே? ஒப்புக்கொண்டதை எழுத ஆள் வேண்டாமா? மனத்தாலேயே அங்கே ஒரு சாய்வு மேஜையை வைத்துப் பார்த்தேன். பலா மரம், மூலையில் பித்தளைப் பூண். கூழாங்கல்லிலிருந்து அந்த இடம் எத்தனை தூரம் என்று கண்ணால் அளந்தேன். ஏழெட்டு அடி இருக்கும். கணக்கு மட்டும் எழுதினவர் உட்கார்ந்திருந்த தூரம் அவ்வளவுதான்.

ஜப்பானின் அந்தக் காலத்துச் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. சாட்சி எவ்வளவு பலமாக இருந்தாலும், குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொண்டால்தான் தண்டனை முழுமை பெறும். ஒருவனை அவன் சம்மதமில்லாமல் தண்டிக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் போலவே தோன்றும். அந்த நல்லெண்ணத்தின் தேவைக்காகவே கல்லை ஏற்றினார்கள்.

இந்தக் கச்சேரிக்கு ஒரு கதை உண்டு. 1771-லிருந்து 1788 வரையில் இந்த நாட்டுக் குடியானவர்கள் அலை அலையாக எழுந்து போராடினார்கள். 1773-இல் ஓஹரா என்ற அதிகாரி நிலத்தை மறுபடி அளந்து வரியை உயர்த்தியதில் அது முற்றியது. ஸென்குரோ என்ற குடியானவப் பையனை 1774-இல் தலையை வெட்டிக் கொன்றார்கள். அவனுக்கு வயது பதினெட்டு. மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனான். ஓஹராவுக்கு 1777-இல் பதவி உயர்ந்தது. அவருக்குப் பிறகு அவர் மகன் அதே ஆசனத்துக்கு வந்தார். குடியானவர்கள் மனுமேல் மனுவாகப் போட்டு, கடைசியில் அந்த மகனைத் தீவாந்தரத்துக்கு அனுப்ப வைத்தார்கள். அவன் கடிதத்தைக் காத்தவர்கள் இருந்ததனால் பெயர் நமக்குத் தெரிகிறது. கல்லைத் தூக்கி வைத்தவன் பெயரும் எழுதினவன் பெயரும் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

நாம் மட்டும் என்ன என்று கேட்கத் தோன்றும். 1792-இல் திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கும்பினி கைக்கு வந்தன. கேப்டன் ரீட் தலைமையில் இராணுவ உத்தியோகஸ்தர்கள் நிலத்தை அளந்தார்கள். குடியானவனோடு சர்க்காரே நேராகக் கணக்கு வைத்துக்கொள்கிற ரயத்துவாரி முறை வேர்விட்டது இந்த மண்ணில்தான். ரீடுக்கு உதவியாக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் வீடும் தோட்டமுமாக ஏழு ஆண்டுகள் வாழ்ந்தவர். பிற்பாடு சென்னைக் கவர்னரானவர். நல்லவர், ஜனங்களிடம் அன்புள்ளவர் என்று பெயர் வாங்கியவர். அதில் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவருடைய யோசனைப்படி 1816-இல் வந்த சட்டங்கள் கலெக்டரை மாஜிஸ்திரேட்டாக ஆக்கின. வரி வசூலிக்கிற தாசில்தாரையே போலீசுக்கும் தலைவராக்கின. செலவு குறையும், ஜனங்களுக்கும் பழகிய வழி என்பது நோக்கம். தகயாமாவைப் போலவே இங்கேயும் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டது.

அதன் பலன் 1854-இல் வெளியே வந்தது. 1852-இல் சென்னையில் ஏற்பட்ட சுதேசிகள் சங்கமும் அதை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும் விடாமல் மனுப் போட்டார்கள். இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் கேள்வி வந்தது. வரி வசூலுக்காகச் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க மூவர் கொண்ட கமிஷன் போட்டார்கள். கமிஷன் உட்கார்ந்தது சென்னையில் மட்டும். ரயில் கிடையாது. இருந்தும் ஏறக்குறைய இரண்டாயிரம் புகார்கள் வந்தன. நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலிருந்து வந்து நேரில் நின்றவர்கள் உண்டு. 1855-இல் வெளியான அறிக்கை, நடப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது. கிட்டி அதில் இருக்கிறது. கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் குனியவைக்கிற அண்ணாந்தாள் இருக்கிறது. முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்துவது இருக்கிறது. தலைமயிரைக் கழுதை வாலில் கட்டுவதும் இருக்கிறது. பல புகார்களில் பாக்கி சில ரூபாய்தான்.

அறிக்கை இன்னொன்றும் சொல்லிற்று. செய்தவர்கள் சுதேசிச் சிப்பந்திகள். மேலே இருந்த ஐரோப்பிய உத்தியோகஸ்தர்கள் இதற்குச் சம்மதித்தவர்கள் அல்லர் என்றது. 1857-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை எடுத்துப் போட்டு, அந்தச் சமாதானத்தை உடைத்துக் காட்டினார். எனக்கோ அதைப் படித்தபோது என் பாட்டியின் குரல்தான் கேட்டது. "அவர் கணக்கு மட்டுந்தான் எழுதினார்." கலெக்டருக்கு வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி இருந்திருந்தால் அவளும் தன் பேரனிடம் இதையே சொல்லியிருப்பாள்.

சேவகன் கயிற்றைக் கட்டினான், உத்தரவு. கணக்குப்பிள்ளை பாக்கிப் பட்டியல் எழுதினார், வேலை. தாசில்தார் பட்டியலைச் சேவகனிடம் கொடுத்தார், தவணை தேதி. கலெக்டர் வசூல் தொகையைப் பார்த்துக் கையெழுத்திட்டார். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. இவர்களில் விரலை நெரித்தவன் ஒருவனே. ஆனால் விரலை நெரித்தவன் கையில் அந்தப் பணத்தில் ஒரு காசு நின்றிருக்காது. பணம் மேலே ஏற ஏற, நடந்தது தெரியாதவர்களின் கைக்குப் போயிற்று. தெரியாமல் இருப்பது ஒருவனுக்குத் தானாக நேருகிறதா, அல்லது அவன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்து வைத்துக்கொள்கிறானா?

என் பெரியவருக்காகவும் வாதாட வேண்டும் அல்லவா? அவருக்கு எத்தனை குழந்தைகளோ! அவர் மறுத்திருந்தால் அடுத்த தெருக்காரர் பட்டியலை எழுதியிருப்பார். ஒரு குடியானவன் விரலும் பிழைத்திருக்காது. இந்த வாதத்தை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஓட்டை தெரியவில்லை. ஓட்டை தெரியாததுதான் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் இதே வாதத்தை நான் எனக்காகவே ஒரு தடவை உபயோகித்திருக்கிறேன்.

1978-ஆம் வருஷம். எங்கள் வீட்டில் மேல்வேலைக்கு ஒரு பையன் இருந்தான். பதினைந்து வயதிருக்கும். என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரம் ஒரு நாள் காணோம். வீடு முழுவதும் தேடினோம். வெளியாள் என்று வந்து போகிறவன் அவன் ஒருவன்தான். நான் அவனை அடிக்கவில்லை, அதட்டக்கூட இல்லை. மாலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். எழுத்தாளர் என்று மரியாதையாக நாற்காலி போட்டார்கள். அவனையும் அழைத்து வந்தார்கள். உள்ளே கூட்டிப் போனார்கள். வராந்தாவில் அரை மணி உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருவர் வந்து, "நீங்க வீட்டுக்குப் போங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

போய்விட்டேன். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியாதவனா நான்? கதை எழுதிப் பிழைக்கிறவன். வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் தேடுகிற தொழில். அந்த வார்த்தைகளை மட்டும் தேடாமல் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன்.

காலையில் செய்தி வந்தது. பையன் ஒப்புக்கொண்டுவிட்டானாம். கடிகாரத்தைச் சேலத்தில் முன்பின் தெரியாத ஒருவனிடம் விற்றுவிட்டதாகச் சொன்னானாம். போலீசாரிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சொல்லிவிட்டது. கிட்டிக் காலத்தின் பாடம் அதில் இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் எனக்குச் செல்லுபடியாகிவிட்டது. நான் நம்பினேன். விவரமாகச் சொன்னானே, சேலம் என்று ஊர்ப்பெயர் உள்பட!

அன்று சாயங்காலம், அழுக்குக் கூடையின் அடியில், வேஷ்டி மடிப்புக்குள் கடிகாரம் கிடைத்தது. ஓடிக்கொண்டுகூட இருந்தது. ஓடிப் போய்ச் சொன்னேன். அவனை விட்டுவிட்டார்கள். கேஸ் எழுதியிருக்கவில்லை. அவன் தாயாரிடம் ஐம்பது ரூபாய் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். அவள் வாங்கிக்கொண்டதையே விஷயம் தீர்ந்ததற்கு ரசீதாக எடுத்துக்கொண்டேன். அவன் பிறகு வேலைக்கு வரவில்லை.

ஆனால் ஊரை விட்டுப் போய்விடவும் இல்லை. லாரியில் கிளீனராக இருந்தான். இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் எடுத்தாயிற்று. நான் போனால் எழுந்து நிற்பார். "சௌக்கியமா?" என்பேன். "நல்லாருக்கேனுங்க" என்பார். நாற்பது வருஷத்துக்கு மேல் இதுதான் எங்கள் பேச்சு.

ஜப்பானிலிருந்து திரும்பி ஒரு வாரம் கழித்து, கூட்டமில்லாத மத்தியான வேளையாகப் பார்த்து அந்தக் கடைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ வந்தது. கூழாங்கல் தரையை அவரிடம் எப்படிச் சொல்வது? ஜப்பானைப் பற்றி ஏதேதோ பேசினேன். செருப்பைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். கடைசியில், டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு ராத்திரி உள்ளே என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

எந்த ராத்திரி என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பாய்லரைத் துடைத்தார்.

"அதெல்லாம் மறந்துபோச்சுங்க" என்றார். பிறகு, "நீங்க வெளிய உக்காந்திருந்தீங்க. உங்க செருப்புச் சத்தம் எனக்கு அடையாளம் தெரியுமுங்க. அது கேட்டுக்கிட்டிருந்தவரைக்கும் ஒண்ணும் பண்ணலைங்க" என்றார்.

டீக்குக் காசு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்தார்.